ஒரே தோலில் வெட்டிய பலகை

ஆம்பூர் ஸ்டேஷனில் இருதயராஜ் இறங்கியபோது மழை விட்டிருந்தது. வானம் மட்டும் இன்னும் கனத்துக்கொண்டிருந்தது. நடுப்பகல் கழிந்து கொஞ்ச நேரம்தான். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது போலிருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஓலைக்கூடை நிறையக் கொய்யாப்பழம். அரக்கோணத்தில் தந்தி குமாஸ்தாவாகச் சேர்ந்த நாளிலிருந்து அவர் லீவு கேட்டதே அபூர்வம். இன்று கேட்டு வாங்கியிருந்தார், ஒரு மனிதரை நேரில் பார்ப்பதற்காக.

சர்தார் பாஷாவை அவர் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். முப்பதாம் வருஷம், மெயில் தாமதமாகி, அரக்கோணம் ஜங்ஷனின் வெயிட்டிங் ரூமில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு ஒல்லியான மனிதர் தனக்குத்தானே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிப்பவர். விரலால் தடவிப் பார்த்தே மாடு எந்த ஊர்த் தண்ணீர் குடித்தது என்று சொல்வாராம். பாலாற்றங்கரை ஊர்களில் அவரை ஜெயித்தவர் கிடையாது. அரக்கோணம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் இருதயராஜை ஜெயித்தவர் கிடையாது. இருவரும் உட்கார்ந்தார்கள். வார்த்தை பேசவில்லை. ரயில் வந்துவிட்டபோது ஆட்டம் பாதியில் நின்றது. பாஷா எழுந்து, "கார்டுல முடிச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரமே ஒரு பார்சல் வந்தது. டேனரிகளில் ஒரு முழு மாட்டுத் தோலை முதுகெலும்பு ஓடிய கோட்டில் இரண்டாக வெட்டுவார்கள். அப்படி வெட்டிய தோலின் வலப்பாதியில் பாஷா கட்டங்களைச் சூடு போட்டு, ஒரு பலகையாகச் செய்து அனுப்பியிருந்தார். இடப்பாதி அவரிடம். தோலை அடுக்கி ஒட்டிச் செதுக்கிய காய்களும் இருந்தன. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் அவருடைய நிபந்தனை: ஒரே தோலில் ஆடுகிறோம், முடிகிறவரை மூன்றாவது ஆள் இதைத் தொடக்கூடாது.

அப்படித்தான் ஆடினார்கள். கட்டங்களுக்கு ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை எண். கார்டில் இரண்டே எண்கள்: எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு. ஆரம்பத்தில் வந்த கார்டுகளில் அது மட்டும்தான் இருந்தது. சில மாதம் கழித்து, எண்களுக்குக் கீழே ஒரு வரி வரத் தொடங்கியது. 'இங்கே மழை இல்லை, தோஸ்த்.' 'இருமலுக்குத் துளசி நல்லது, தோஸ்த்.' பேசாத மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார் என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டார். அவரும் பேசாதவர்தான். அதனால் அந்த ஒரு வரியின் விலை அவருக்குத் தெரியும்.

போன வருஷம் அவர் மனைவி சவுரியம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதை ஒரு வரியில் எழுதிப் போட்டதோடு இருதயராஜ் கார்டு எழுதுவதை நிறுத்தினார். சாப்பிடுவதையும் ஏறக்குறைய நிறுத்தினார். அப்போது ஆம்பூரிலிருந்து எண்களே இல்லாமல் ஒரு கார்டு வந்தது. 'தோஸ்த், ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டாம். விளக்கு அணைந்த வீட்டில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதே பெரிது. நான் உட்கார்ந்திருக்கிறேன்.'

அந்தக் கார்டை ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தார். மாதா படத்தைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார்.

போன மாதம் ஆட்டம் முடிந்தது. பாஷாவிடம் கடைசி வரிசைக்கு ஓடத் தயாராக ஒரு காலாள் இருந்தது. ஆனால் அவருடைய ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. இருதயராஜின் ராணி செக் சொல்ல, ராஜா பக்கத்துக் கட்டத்துக்குப் போகும். மறுபடி செக், மறுபடி மூலைக்கு வரும். சாகவும் முடியாது, தப்பவும் முடியாது. இருதயராஜ் சமம் என்று கேட்டு எழுதினார். 'சம்மதம்' என்று பதில் வந்தது. இன்ஸ்டிட்யூட் சுவரில் யாரோ சுண்ணக்கட்டியால் எழுதிப்போட்டார்கள்: 'ஆம்பூர் பாஷா – நம்ம இருதயராஜ்: சமம்.' வேலை முடிந்து போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து அவர் தோளைத் தட்டினார்கள். சவுரியம்மாள் போனபின் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு வரியும், ஜெபப் புத்தகத்திலிருந்த இன்னொரு வரியும்தான்.

பிறகு கடைசிக் கார்டு வந்தது. 'ஒரு முறை வீட்டுக்கு வாருங்கள்.'

டேனரித் தெருவுக்குள் நுழைந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் ஊறும் வாடை, அதன் மேல் தோல் பதனிடும் ஆவாரம் பட்டையின் துவர்ப்பு. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஒரு வாசலில் தோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கன்னியப்பன் என்ற ஆள் சிரித்தான்.

"மொத நாளு நீங்க மூக்கைப் புடிப்பீங்க. அப்பால மூக்குக்கே உங்களைப் புடிக்காமப் போயிடும். இன்னா வோணும் சாமி?"

பாஷா வீடு என்றதும் அவன் சிரிப்பு நின்றது. அவர் கையிலிருந்த கூடையைப் பார்த்தான்.

"ஆட்டக்காரரா நீங்க?" என்றான். "கடைசி வூடு. வெளிச்சம் இருக்கசொல்லவே வந்துட்டீங்க, நல்லது. வெளிச்சம் இருக்கசொல்லவே பொறப்பட்டுடுங்க."

கடைசி வீடு சுண்ணாம்பு உதிர்ந்த பழைய மச்சு வீடு. அதன் பின்னால் டேனரியின் குழிகள். பக்கச் சந்தில் ஒரு கூண்டு வண்டி நின்றிருந்தது. டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, ஒரு தொட்டில் எல்லாம் ஏற்றிக் கட்டி, மாடுகளையும் பூட்டியாகிவிட்டது. யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்தபடி இருதயராஜ் கதவைத் தட்டினார்.

"தொறந்துதான் இருக்கு. வாங்க" என்றது ஒரு பெண் குரல்.

உள்ளே ஒரே ஒரு பெரிய கூடம். அந்தக் கோடியில் உள்வீட்டுக்குப் போகும் கதவு. அதில் கனத்த பச்சைத் திரை. குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடத்தின் நடுவில், ஒரு குட்டை மேஜையின் மேல், பாதித் தோல் விரித்திருந்தது. அதன் ஓரம், வெட்டிய ஓரம், தன் வீட்டுப் பலகையின் ஓரத்தோடு அப்படியே பொருந்தும் என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்தது. காய்கள் கடைசி நிலையில் நின்றன. பாஷாவின் வெள்ளை ராஜா மூலையில் இருந்தது.

மேஜைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு திண்டு. ஒன்று புதிதாகத் தட்டிப்போட்டது. மற்றது நடுவில் குழிந்திருந்தது.

"குழிஞ்சிருக்கிறதுல உக்காராதீங்க" என்றது குரல். "நான் சுகரா பேகம். அவரு சம்சாரம்."

இருதயராஜ் கூடையை வைத்துவிட்டு, புதுத் திண்டில் உட்கார்ந்தார். பாய் எங்கே என்று கேட்டார்.

ஓட்டிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவரு மவுத்தாயி ரெண்டு ரம்ஜான் போயிடுச்சு."

அவருக்கு முதலில் புரியவில்லை. போன மாதம் கார்டு வந்ததே என்றார்.

"நான் போட்டேன்."

தாழ்ந்த, களைத்த குரலில் அவள் சொன்னாள். ஆட்டம் தொடங்கின சில மாதத்தில் அவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கொப்புளம் வந்தது. அது நோய்ப்பட்ட மாட்டின் தோலிலிருந்து ஒட்டுகிற சாவு என்று தோலில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். வலிக்கவே இல்லை. அதுதான் அதன் அடையாளம். ஒரு வாரம்கூட ஆகவில்லை. மய்யித்தை எடுத்துப் போகும்போதும் பலகையை யாரும் தொடவில்லை; தொடக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். நாற்பதாம் நாள் பாத்தியா முடிந்த மறுநாள் அரக்கோணத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பலகையின் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

"காலையில பார்த்தா, உங்க காயும் நவுந்திருந்தது. அவரு காயும் நவுந்திருந்தது."

இருதயராஜின் கண் பலகைமேல் போனது.

"அந்தக் கட்டத்தோட நம்பரை எழுதிப் போட்டேன். அவரு கையெழுத்து மாதிரி. நம்பர்தானே, யாரு எழுதினா என்ன."

"நம்பரு சரி" என்றார் இருதயராஜ். "அதுக்குக் கீழ இருந்த வார்த்தை?"

"அது என்னுது. அவருக்கு வார்த்தை ஏது? உசிரோட இருந்தப்பவே கிடையாது."

இருதயராஜ் கேட்கக்கூடாது என்று நினைத்தார். கேட்டுவிட்டார்.

"என் சம்சாரம் செத்தப்போ ஒரு கார்டு வந்தது."

திரை லேசாக அசைந்தது. அவள் அதை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"உங்க கார்டு வர்றது நின்னுபோச்சு. அவரு காத்துக்கினே இருந்தாரு. அப்பால ஒருநாள் காலையில எழுந்து பார்த்தா, எம் பொண்ணு சைரா இந்தப் பலகை முன்னால உக்காந்திருக்கா. ஆறு வயசு. ஆடவே தெரியாது. கையை மோவாயில வெச்சிக்கினு, அவரு உக்கார்ற மாதிரியே. கூப்பிட்டேன், திரும்பல. மூணு நாளு அப்படியே. நீங்க நிறுத்திட்டா அவரு எங்க பக்கம் திரும்பிடுவாருன்னு அப்போதான் தெரிஞ்சுது." திரையின் மடிப்பு இறுகியது. "என்னா எழுதினா இந்த மனுசன் திரும்ப ஆடுவான்னு ராவெல்லாம் யோசிச்சுதான் அதை எழுதினேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆடினீங்க. அவளும் எழுந்துட்டா."

இருதயராஜ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கார்டை எத்தனை தரம் எடுத்துப் படித்தார் என்று அவருக்கே தெரியாது. 'நான் உட்கார்ந்திருக்கிறேன்.' யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அல்லது உட்கார்ந்திருந்தது தோஸ்த் இல்லை. ஒரு தாய் தன் குழந்தையைக் காப்பாற்ற ஒரு துண்டு எலும்பைத் தூர எறிந்திருக்கிறாள். அவர் அதைக் கவ்விக்கொண்டு போய் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். அவள்மேல் கோபப்படவும் நியாயம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"சமம்னு நீங்க கேட்டு எழுதினீங்களே" என்றாள் அவள், இன்னும் தாழ்ந்த குரலில். "அதுக்கு மறுநாள் காலையில அவரு ராஜா மூலையை விட்டு வெளிய வந்து நின்னுச்சு. ஆட்டம் தெரியாத எனக்கே தெரிஞ்சுது, அவருக்குச் சம்மதமில்லைன்னு. நான் அதைப் புடிச்சு மூலையில வெச்சிட்டு, சம்மதம்னு எழுதிப் போட்டுட்டேன். முடியட்டும்னுதான். ரெண்டு வருசமா ஒவ்வொரு காலையும் இந்தக் கூடத்துக்கு வரப் பயந்து பயந்து…"

"முடிஞ்சுதா?"

"கேளுங்க" என்றாள்.

இருதயராஜ் கேட்டார். ஓட்டுத் தண்ணீர் சொட்டு. சந்தில் மாட்டின் மூச்சு.

அப்புறம் வேறொன்று.

அவருடைய தொழிலே சத்தத்தைக் கேட்பதுதான். தந்திக் கருவியின் தட்டல்களுக்கு நடுவே இருக்கும் மௌனத்தின் நீளத்தை வைத்தே எழுத்தைப் பிரிக்கிறவர் அவர். இது தட்டல் இல்லை. ஈரக் கால் ஒன்று தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். வாசல் கதவிலிருந்து திரைவரை வந்தது. நின்றது. திரையிலிருந்து வாசல் கதவுக்குப் போனது. நின்றது. மறுபடி வந்தது.

இரண்டே இடம். மூலையும், பக்கத்துக் கட்டமும்.

"முன்ன பலகையில மட்டும்தான் இருந்தாரு" என்றாள் அவள். "நான் சம்மதம்னு எழுதினதுல இருந்து இப்படி. நின்னு ஒரு நாழி உக்கார்றதில்லை."

மழை மறுபடி பிடித்தது. கூடத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் சுருங்கியது. நடை இருதயராஜின் முதுகுக்குப் பின்னால் வந்தது.

நின்றது.

ஆவாரம் பட்டையின் வாடை, தெருவில் வீசியதைவிடப் புதியதாய், ஈரமாய், அவர் தலைக்கு மேலிருந்து இறங்கியது. அவர் திரும்பவில்லை. வாடை அவரைச் சுற்றிக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போனது.

எதிரே இருந்த திண்டின் குழி ஆழமானது.

மெல்ல, ஒரு மனிதர் உட்காரும் வேகத்தில்.

இருதயராஜ் கண்ணை மூடினார். அர்ச்சிஷ்ட மரியாயே என்று தொடங்கினார். அடுத்த வார்த்தை வரவில்லை. கண்ணைத் திறந்தபோது வெள்ளை ராஜா மூலையில் இல்லை. ஒரு கட்டம் குறுக்கே, காவல் எதுவும் இல்லாத வெட்டவெளியில் நின்றது. அது நகர்ந்ததை அவர் பார்க்கவில்லை. நகர்ந்து முடிந்திருந்தது.

பயத்துக்கு நடுவிலும் அவருடைய கண் பழக்கப்படி வேலை செய்தது. அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. அங்கே ராஜா வருவது தற்கொலை என்று அவர் அரக்கோணத்தில் யோசிக்காமலே தள்ளியிருந்தார். இப்போது யோசித்தார். ராணி செக் சொல்லலாம். ராஜா இன்னும் ஓர் அடி முன்னே வரும். இன்னொரு செக், இன்னும் ஓர் அடி. ஒவ்வொரு செக்கும் அதைத் துரத்தவில்லை, வழிகாட்டி அழைத்துவந்தது. கடைசியில் அது இருதயராஜின் சொந்தக் காலாளுக்குப் பின்னால் போய், எதிரியின் ஆளையே குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குமேல் செக் கிடையாது. பாஷாவின் காலாள் கடைசி வரிசையைத் தொட்டு ராணியாகும்.

மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார். இன்னொரு வழியில் போட்டுப் பார்த்தார்.

சமம் இல்லை. அவர் தோற்றிருந்தார்.

என்ன அழகான ஆட்டம் என்று நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து கும்பிட்டது. ஒரே ஒரு நொடி.

"தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று திரை கிசுகிசுத்தது. "உங்க ராஜாவைப் படுக்க வெச்சிடுங்க. அவருக்கு வேற ஒண்ணும் வேணாம். போயிடுவாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

தன் ராஜாவை நோக்கி இருதயராஜ் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிய வரி ஞாபகம் வந்தது. அதை அழிக்க வேண்டும். கேட்பவர்களிடம் என்ன சொல்வது? பிறகு அந்தக் கார்டு ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் தனக்கென்று எழுதப்பட்ட ஒரு வார்த்தைகூட இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர், இரண்டு வருஷமாக, சவுரியம்மாள் செத்ததுகூடத் தெரியாமல், எண்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நட்பையும் பறித்துக்கொண்டார்கள். இப்போது ஆட்டத்தையும் கொடு என்கிறார்கள்.

கை வேறு பக்கம் போனது. அவர் வெள்ளை ராஜாவின் தலையில் ஒரு விரலை வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது, உயிருள்ள தோல்போல. அதைத் தள்ளி மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"சமம்" என்றார். "ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தாச்சு. சமம்னா சமம்தான்."

ஒரு சத்தமும் இல்லை.

திண்டின் குழி அப்படியே இருந்தது.

திரைக்குப் பின்னால் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள், சுமையை இறக்கி வைத்தவள்போல.

"சரி" என்றாள். "உங்க இஷ்டம். இனி அது உங்க ஆட்டம்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கொய்யாக் கூடையை மறந்துவிட்டார். படி இறங்கும்போது, பின்னால், ஈரக் கால் ஒன்று வாசற்படியைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டின் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வழியெல்லாம் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. நிமிர்த்தினார், சாய்ந்தது. காற்று எதிர்ப்பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. தெருமுனை வந்தபோதே அவருடைய இடது தோள் தொப்பலாக நனைந்திருந்தது. தோல் கட்டுகளுக்குச் சாக்குப் போர்த்திக்கொண்டிருந்த கன்னியப்பன் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவருக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு, தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

ரயிலில் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த குடியாத்தத்து ஜவுளிக்காரர் கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்தார். "தோல் மூட்டை ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். காட்பாடியில் ஏறிய கூட்டத்திலும் யாரும் அந்த எதிர் இடத்தில் உட்காரவில்லை.

அன்றிரவு இருதயராஜ் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸிலேயே இருந்தார். காலையில் வெயில் நன்றாக வந்தபிறகு கதவைத் திறந்தார். ஆவாரம் பட்டையின் வாடை அடித்தது.

ஜன்னலோரம் அவருடைய பாதித் தோல். சவுரியம்மாள் சாகும்போதுகூட அதை யாரும் தொட்டதில்லை. வெள்ளை ராஜா வெட்டவெளியில் நின்றது.

அவர் எதிரே உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார். இங்கே சுவர் இல்லை, சுண்ணக்கட்டி இல்லை, திரை இல்லை. அவரும் அந்த ஆட்டமும் மட்டும். கடைசியில் தன் கறுப்பு ராஜாவை எடுத்துப் பலகையின்மேல் படுக்க வைத்தார்.

"தோத்துட்டேன் பாய்" என்றார். "நீங்க ஜெயிச்சிட்டீங்க."

சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது. உடனே ஒரு கார்டு எடுத்து, சுகரா பேகத்துக்கு எழுதினார்: ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன், இனிப் பயப்பட வேண்டாம். தன் கையால் தபால் பெட்டியில் போட்டார். இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய், சுவரில் இருந்த வரியை ஈரத் துணியால் துடைத்தார்.

மறுநாள் காலையில் கறுப்பு ராஜா நிமிர்ந்து நின்றது.

அதன் தலையில், பட்டைச் சாயம் ஊறிய ஒரு விரலின் ரேகை.

வெள்ளை ராஜாவைத் தேடினார். வெட்டவெளியில் இல்லை.

அது மூலைக்குத் திரும்பிப் போயிருந்தது.

தன் ராஜாவை மறுபடி படுக்க வைத்தார். மறுநாள் நிமிர்ந்தது. காய்களை ஒரு பையில் போட்டுக் கட்டினார். காலையில் அவை கட்டங்களில் நின்றன. ஆம்பூருக்குப் போட்ட கார்டு, வீடு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை என்று தபால்காரர் எழுதியதோடு திரும்பி வந்தது. அப்போதுதான் அந்தச் சந்தில் நின்ற வண்டி அவர் கண்ணுக்குள் வந்தது. டிரங்குப் பெட்டி, படுக்கை, தொட்டில். மாடுகளைப் பூட்டிய பிறகுதான் அவள் அவரை உள்ளே வரச் சொல்லியிருக்கிறாள். அவர் தோற்றாலும் சரி, மறுத்தாலும் சரி, சாயங்காலம் அவள் போயிருப்பாள். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு ஆள் வந்து எதிரே உட்கார வேண்டும் என்பதுதான்.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெயில் பலகைமேல் விழுந்திருந்தது. அடுத்த வீட்டில் யாரோ அம்மி அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மி நின்றது.

வாசல் கதவிலிருந்து அடுப்படிவரை ஈரக் கால் நடந்தது. நின்றது. அடுப்படியிலிருந்து வாசல் கதவுவரை நடந்தது. நின்றது.

"நான் விட்டுக்குடுத்துட்டேனே பாய்" என்றார் இருதயராஜ் மெல்ல. "வெளிய வாங்களேன். ஜெயிச்சிட்டுப் போங்களேன்."

நடை அவர் பின்னால் வந்து நின்றது. தோல்மேல் தோல் உரசும் சத்தம் கேட்டது. வெள்ளை ராஜா மூலையிலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு மாறியிருந்தது. வெளியே வரும் கட்டம் காலியாக, திறந்துதான் கிடந்தது.

சமம்னா சமம்தான் என்று ஆம்பூரில் சொன்னவர் அவர்தான்.

இருதயராஜ் ராணியை எடுத்துச் செக் வைத்தார். எதிரே, சவுரியம்மாளின் நாற்காலி லேசாக முனகியது.